ஊசி போன தடம்

அந்த ஆஸ்பத்திரியில் அவருடைய அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் எல்லோரும் உதட்டைப் பிதுக்குவார்கள். மறுபடியம்மா என்று கேட்டால் போதும், வாசல் காவலாளியே கூட வந்து அடித்தளத்து லேப் கதவைக் காட்டிவிட்டுப் போவார். மற்ற டாக்டர்கள் வெட்டி அனுப்பும் சதைத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, இது இன்னதுதான் என்று பெயர் சொல்வது அவர் வேலை. ஒரே பார்வையில் எதையும் சொல்லிவிடமாட்டார். "மறுபடி எடுங்க" என்பார். "மறுபடி சீவுங்க, மறுபடி சாயம் போடுங்க" என்பார். இந்த மறுபடியால் சர்ஜன்களுக்கு எரிச்சல், டெக்னீஷியன்களுக்கு முதுகுவலி. ஆனால் அவர் கையெழுத்துப் போட்டபின் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் கட்டி என்றால் இந்த மறுபடி இரண்டு மடங்காகிவிடும். அதில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வேறு இடத்துக் கட்டிகளுக்கு ஏதாவது ஒரு முகஜாடை இருக்கும். காதுக்குக் கீழேயும் தாடைக்கு அடியிலும் வருகிற இந்தக் கட்டிகள் இருக்கின்றனவே, வேஷம் போடுவதில் மன்னர்கள். சாதுவானது ரவுடி மாதிரி முறைக்கும். ரவுடி கை கட்டி வாய் பொத்தி உட்கார்ந்திருக்கும். வகைகளோ ஏகப்பட்டவை. அதில் பாதியை ஒரு டாக்டர் தன் ஆயுளில் ஓரிரு தடவை பார்த்தால் பெரிது.

லிஃப்ட் மெக்கானிக் அப்படிப்பட்ட ஒரு கட்டியோடுதான் வந்தார். இடது காதுக்குக் கீழே, பெரிய கோலிக்குண்டு அளவுக்கு. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஷேவ் செய்யும்போது கையில் தட்டுப்பட்டது, அவ்வளவுதான். கூடவே மனைவியும் வந்திருந்தாள். மறுபடியம்மா நோயாளிகளின் முகத்தைப் பார்ப்பது அபூர்வம். கழுத்துக் கட்டிகளுக்கு ஊசி போட்டுச் செல்களை உறிஞ்சி எடுக்கும் வேலையை மட்டும் யாரையும் நம்பி விடமாட்டார், தானே செய்வார்.

"டாக்டர், என்ன வேணா பண்ணிக்குங்க, என் வாயை மட்டும் விட்டு வைங்க" என்றார் மெக்கானிக், நாற்காலியில் சாய்ந்தபடி. "இவளுக்குச் சின்ன வயசுல காய்ச்சல் வந்து காது சுத்தமா போச்சு. என் வாயைத்தான் காதா வச்சிருக்கா."

"எல்லாரோட உதட்டையும் படிப்பாங்களா?"

"படிப்பா. ஆனா மத்தவங்களைப் படிக்கறது பரீட்சைக்குப் படிக்கற மாதிரி, தலையே வலிக்குதும்பா. என்னோடது ஓசிப் பேப்பர். டீ குடிச்சுக்கிட்டே படிச்சுருவா."

மனைவி அவருக்கு நேர் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுபடியம்மா மூக்கையும் வாயையும் மாஸ்க்கால் மூடியிருந்ததால் அவளுக்கு அந்தப் பக்கம் வெறும் சுவர். கணவனின் முழங்காலைத் தட்டி, "என்ன சொல்றாங்க?" என்று சற்று உரக்கக் கேட்டாள். தன் குரல் எவ்வளவு சத்தம் என்று அவளுக்குத் தெரியாது.

"பாப்பா, வலிக்கவே வலிக்காதுன்னு சொல்றாங்க. பச்சைப் பொய்" என்றார் அவர், குரலே இல்லாமல், வாயை மட்டும் அசைத்து.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பாப்பாவுக்கு ஐம்பதைத் தாண்டி இருக்கும், முன்மண்டையில் நரைத்திருந்தது. அந்தப் பாப்பாவைச் சொல்லும்போது மட்டும் அவர் உதடு இரண்டு தடவை அழுத்தமாக ஒட்டிப் பிரிந்ததை மறுபடியம்மா கவனித்தார். ஊசி கழுத்துக்குள் இருக்கும்போதும் மனிதர் சும்மா இருக்கவில்லை.

"எங்க வீட்ல சண்டை போடணும்னாலும் மூஞ்சியப் பாத்துத்தான் போட்டாகணும் டாக்டர். நான் ஜெயிக்கற மாதிரி தெரிஞ்சா இவ கண்ணை இறுக்கி மூடிக்குவா. அப்புறம் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் பிரயோஜனம் இல்ல. கோர்ட் கலைஞ்சிரும்."

மறுபடியம்மா மாஸ்க்குக்குள் சிரித்துவிட்டார். வீட்டில் அவரும் அவருடைய கணவரும் காது நன்றாகக் கேட்கிற காரணத்தால் முதுகைக் காட்டிக்கொண்டே பேசிப் பழகியவர்கள். சமையலறையிலிருந்து ஒரு குரல் போகும், டி.வி.க்கு முன்னாலிருந்து ஒரு குரல் வரும். பேசும்போது கணவரின் உதடு எப்படி அசையும் என்று கேட்டால் அந்த அம்மாவால் சொல்லியிருக்க முடியாது.

முதல் ஊசியில் வந்தது வெறும் கலங்கல் நீர். பெயர் சொல்லும்படி ஒரு செல் கூட இல்லை. மறுபடி என்றார். இரண்டாவது தடவை கொஞ்சம் செல்கள் வந்தன, அவையும் பாதி சிதைந்து எதிலும் சேராமல் இருந்தன. மறுபடி என்றார். மூன்றாவது தடவை ரத்தம்தான் வந்தது. அன்று சாயங்காலமே கட்டி வீங்கி வலித்ததாம். ஃபோன் செய்த மெக்கானிக், "கோலிக்குண்டு பந்தாயிருச்சு டாக்டர், வாடகை கூட்டிக் கேக்கலாமா?" என்று அதையும் வேடிக்கையாகத்தான் சொன்னார். வலி மாத்திரை போட்டுக்கொள்ளச் சொன்னார் மறுபடியம்மா. 'நிச்சயமாகச் சொல்ல இயலவில்லை, அறுவைசிகிச்சையின்போது துணுக்கு அனுப்பவும்' என்று சர்ஜனுக்கு எழுதி அனுப்பினார்.

சில வாரம் கழித்து ஆபரேஷன் நடந்தது. சர்ஜன் தாடிக்காரர், வயதில் சின்னவர், கைவேலை சுத்தம். மறுபடியம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவார். மேலே தியேட்டரில் கழுத்து திறந்திருக்க, கட்டியின் ஓரத்தில் ஒரு துணுக்கை வெட்டிக் கீழே லேப்புக்கு அனுப்பினார். அதை உடனே பனிக்கட்டியாக உறைய வைத்து, சீவி, சாயம் போட்டுப் பார்க்க வேண்டும். நோயாளி மயக்கத்தில் கிடக்கிற நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஃபோன் ஒலித்தது. "அக்கா, முகநரம்போட நல்லா ஒட்டிக்கிட்டிருக்கு. பிரிக்க வரல. வாய்க்கும் கன்னத்துக்கும் போற கிளை அது. சாதாக் கட்டின்னா எப்படியாவது சுரண்டி எடுத்து நரம்பைக் காப்பாத்திருவேன். கெட்டதுன்னா வெட்டித்தான் ஆகணும். என்னக்கா அது?"

மறுபடியம்மா கண்ணை வைத்தார். பாதிக்கு மேல் செத்துப்போன சதை. அதன் நடுவே தீவு தீவாகத் தட்டைச் செல்கள், உட்கரு பெருத்து, கறுத்து, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு. நரம்பை ஒட்டியே ஒரு தீவு கிடந்தது. பார்த்த மாத்திரத்தில் புற்று என்றுதான் தோன்றும்.

மறுபடி என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். நடுவிலிருந்து இன்னொரு துணுக்கு அனுப்புங்கள் என்று ஒரு வார்த்தை. வாழ்நாள் பூராவும் வேண்டியதற்கும் வேண்டாததற்கும் சொன்ன வார்த்தை, வேண்டிய அன்று வாயில் வரவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, வெட்கம்தான். இதே ஆளின் இதே கட்டிக்கு ஏற்கெனவே மூன்று தடவை தெரியாது என்று சொல்லியாகிவிட்டது. நாலாவது தடவையும் தெரியாது என்றால் தாடிக்காரர் என்ன நினைப்பார், தியேட்டரில் நிற்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? படித்தவர்களுக்கு வருகிற வெட்கம் இருக்கிறதே, அது பொல்லாதது.

"கெட்டதுதான்" என்றார் ஃபோனில். "நரம்பு வரைக்கும் வந்திருக்கு."

"சரிக்கா" என்று வைத்துவிட்டார் சர்ஜன்.

அதோடு அந்த மனிதரின் இடது பக்க வாய் போயிற்று. காதோரத்திலிருந்து வேறு நரம்பு எடுத்து ஒட்டுப் போட்டிருந்தார் சர்ஜன். மாதக்கணக்கில் ஆகும், வந்தாலும் பழைய மாதிரி வராது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

ஆபரேஷனில் எடுத்த முழுக் கட்டியும் மெழுகில் ஊறி, மெல்லிய சீவல்களாக ஸ்லைடில் ஏறி, அடுத்த வாரம் காலையில் மறுபடியம்மாவின் மேஜைக்கு வந்தது. டீயை ஓரமாக வைத்துவிட்டு முதல் ஸ்லைடைப் போட்டார். அதே செத்த சதை, அதே தட்டைச் செல்கள். அடுத்தது. அடுத்தது. கட்டியின் நடுப்பகுதிக்கு வந்தபோது, செத்ததற்கு நடுவில் உயிரோடு தப்பிப் பிழைத்த ஒரு சின்ன இடம் கண்ணில் பட்டது.

கொழுகொழுவென்று இளஞ்சிவப்புச் செல்கள். உள்ளே பொடிப்பொடியாக நொய் நிறைத்தது போல. ஒழுங்காக, வரிசையாக, யாரையும் எதிர்த்துப் பேசாமல்.

ஆன்கோசைட்டோமா. உமிழ்நீர்ச் சுரப்பியில் அபூர்வமாக வருவது. பரம சாது. எடுத்துப் போட்டால் கதை முடிந்தது. அதற்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு, ஊசி பட்டால் தாங்காது. ரத்த ஓட்டம் கொஞ்சம் தடைப்பட்டாலும் உள்ளுக்குள்ளேயே வெந்து செத்துப்போகும். செத்த இடத்தை ஆற்றுவதற்காக ஓரத்தில் தட்டைச் செல்கள் அவசர அவசரமாக முளைக்கும். அந்த அவசரத்தில் அவை பார்க்கக் கோரமாக இருக்கும், புற்றுநோய் மாதிரியே. இது மறுபடியம்மாவுக்குத் தெரியாத விஷயமா? மாணவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறார். 'ஏமாந்துடாதீங்க, ஊசி போட்ட கட்டியைச் சந்தேகத்தோட பாருங்க' என்று போர்டில் அடிக்கோடு போட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

அடுத்த ஸ்லைடில் அந்தத் தடமே தெரிந்தது. கட்டிக்குக் குறுக்கே நேர்கோடாக, துருப்பிடித்த நிறத்தில் பழைய ரத்தம். ஊசி போன வழி. அங்கே கசிந்த ரத்தம் வெளிப்பக்கம் இறங்கி உறைந்து, தழும்பாகி, கட்டியை நரம்போடு ஒட்ட வைத்திருந்தது. குத்தியது அவர் கை. குத்திய புண்ணைப் பார்த்துப் புற்று என்று பெயர் வைத்தது அவர் கண்.

"மறுபடி சீவுங்க" என்றார் டெக்னீஷியனிடம். குரல் அவருடையதாகவே இல்லை. மறுபடி சீவியதிலும் அதுதான் இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது அவருக்கு. டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

தாடிக்காரரைக் கீழே வரச்சொல்லி, இரண்டு பேர் சேர்ந்து பார்க்கிற மைக்ராஸ்கோப்பில் எதிரே உட்கார வைத்துக் காட்டினார். சர்ஜன் கண்ணை எடுத்தபின் தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. வாய் போச்சு, உயிர் தப்பிச்சுதுன்னு அந்த ஆள் நெனச்சுக்கிட்டிருக்கார். அது ஒண்ணுதான் அவருக்கு இருக்கிற ஆறுதல். அதையும் எதுக்குப் புடுங்கணும்? சாதுவான வகைக் கேன்சர், முழுசா எடுத்தாச்சு, ரேடியேஷன் தேவையில்லன்னு நானே சொல்லிடறேன். யாருக்கும் நஷ்டமில்ல."

அவர் கெட்டவர் இல்லை. அக்காவைக் காப்பாற்றவும் அந்த ஆளைக் காப்பாற்றவும் சேர்த்தே சொன்னார். மறுபடியம்மாவுக்கும் ஒரு பகல் பூராவும் அதில் மனசு ஊசலாடியது உண்மை. இதைச் சொல்லாமல் விட்டால் அவரை உத்தமி ஆக்கியதாகிவிடும்.

மறுநாள் வெளிநோயாளிப் பிரிவு நடையில் அவர்களைப் பார்த்தார். தையல் பிரிக்க வந்திருந்தார்கள். மெக்கானிக்கின் இடது கன்னம் தொங்கிப்போய், வாயோரத்தில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. ஒரு விரலால் வாய் முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். மனைவி முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். புரியவில்லை. இன்னொரு தடவை சொன்னார். புரியவில்லை. அவர் மொபைலை எடுத்து எழுதிக் காட்டப் போனார். அவள் அதைத் தட்டிவிட்டாள்.

"எழுதாதீங்க. யார் எழுதினாலும் அது ஒரே மாதிரிதான் இருக்கும்."

பிறகு பக்கத்தில் போன நர்ஸை நிறுத்தி, நடை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்: "இது திரும்ப வருமா சிஸ்டர்? நுரையீரலுக்குப் போகுமா? ராத்திரியில இவர் மூச்சு விடறாரான்னு நெஞ்சுல கை வச்சுக்கிட்டே படுக்கறேன். தூக்கமே இல்ல."

மறுபடியம்மா தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர்களிடமிருந்து இரண்டை எடுத்துக்கொண்டாயிற்று, வாயையும் தூக்கத்தையும். வாயைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. தூக்கத்தைக் கொடுக்கலாம். அதையும் தன் மானத்துக்காகப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்வதா?

"நான் சொல்றேன்" என்றார் சர்ஜனிடம். "நீங்க கூட இருந்தா போதும்."

சின்ன அறை. சுவரில் காதின் உட்பக்கம் வரைந்த படம், மேஜை, மூன்று நாற்காலி. சர்ஜன் சுவரோரம் நின்றார். கணவனைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றுதான் மறுபடியம்மா முதலில் நினைத்திருந்தார். ஆனால் அவர் கேட்டுக்கொண்டாலும் இனி மனைவிக்கு எடுத்துச் சொல்ல அவருக்கு வாய் ஏது? மறுபடியம்மா மாஸ்க்கைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நாற்காலியை மனைவிக்கு நேர் எதிரே நகர்த்திக்கொண்டார். கெட்ட சேதி சொல்லும் டாக்டர்களுக்குத் தரையைப் பார்க்கிற வசதி உண்டு, பாதி வார்த்தையை மென்று விழுங்குகிற வசதி உண்டு. அவருக்கு அன்று இரண்டும் கிடையாது.

"கட்டி கேன்சர் இல்லை" என்றார், நிறுத்தி நிறுத்தி.

மனைவியின் கண் அவர் உதட்டைவிட்டு நகரவில்லை. "இல்லையா?"

"இல்லை. திரும்ப வராது. எங்கயும் போகாது."

அவள் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். கணவனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கேட்டீங்களா? இல்லையாம்! இல்லையாம்!" என்று கத்தினாள். மெக்கானிக்கின் பாதி முகம் சிரித்தது. அந்த இடத்தோடு எழுந்து போய்விடக்கூடாதா என்றிருந்தது மறுபடியம்மாவுக்கு. கை நீட்டி அவள் மணிக்கட்டைத் தொட்டார்.

"இன்னும் இருக்கு. பாருங்க. கேன்சர் இல்லைங்கிறதால, அந்த நரம்பை வெட்டியிருக்க வேண்டாம். வெட்டச் சொன்னது நான். சர்ஜன் மேல தப்பு இல்ல. நான் போட்ட ஊசியால கட்டிக்குள்ள புண்ணாச்சு. அந்தப் புண்ணைத்தான் கேன்சர்னு சொல்லிட்டேன். தப்பு என்னோடது."

"வெட்டியிருக்க..." அவள் தடுமாறினாள். "வேண்டாமா?"

"வேண்டாம்."

அவள் முகத்தில் சிரிப்பு போகிற வழி தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"உங்க வாயைப் பாக்கவே எனக்குப் பிடிக்கல" என்று சொல்லி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

அதற்குமேல் யார் என்ன சொல்லியும் பயனில்லை. மறுபடியம்மா மன்னிப்புக் கேட்டார், அது மூடிய இமைக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. இமைக்கு அடியிலிருந்து கண்ணீர் மட்டும் வழிந்தது. மெக்கானிக் மெல்ல எழுந்து போய் அவள் கன்னத்தைத் தொட்டார். மறுபடியும் தொட்டார். அவள் கண்ணைத் திறந்தாள். அவர் விரலால் வாய் முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினார். குழறலாகத்தான் வந்தது, ஆனால் காது உள்ளவர்களுக்குப் புரிந்தது.

அவள் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவர் இன்னொரு தடவை சொன்னார். வழிந்த எச்சிலை அவளே கைக்குட்டையால் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தாள். முப்பது வருஷமாக டீ குடித்துக்கொண்டே படித்த உதட்டில் அவளால் ஒரு எழுத்தைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

அவள் தோள் தளர்ந்தது. வேறு வழியில்லாமல் மறுபடியம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"இவர் என்ன சொல்றார்?"

சொல்லாமல் இருக்க மறுபடியம்மாவுக்கு உரிமை இல்லை. உதட்டை நனைத்துக்கொண்டு, அந்த மனிதர் சொன்னதை அப்படியே சொன்னார்.

"பாப்பா, அழாத. நான் உயிரோடதான இருக்கேன்."

அவள் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மறுபடியம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முதல்ல சொன்னீங்களே, அது."

"பாப்பா" என்றார் மறுபடியம்மா. உதடு இரண்டு தடவை ஒட்டிப் பிரிந்தது.

"மறுபடி" என்றாள் அவள்.

மறுபடியம்மா மறுபடி சொன்னார்.